தனியே போகத் தெரிந்தவளுக்கு

பாரிசில் தமிழ்க் கடைகள் உள்ள ரூ காயில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில் இன்று பத்தியச் சரக்கு வறுத்து அரைத்துப் பொதி செய்துகொண்டிருந்தார்கள். மிளகு, திப்பிலி, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்து தெருவரை மணந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கறி வைக்கிற சரக்கு. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் இரண்டு பெரிய பொதிகளை வாங்கிக்கொண்டு, கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, ஆறு மாதம் நின்று பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று கடைக்காரத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. அவவின் புருசன் பின்னால் பையைப் பிடித்தபடி நின்றார். அந்த மனிசனிடம் ஒரு சொல் சொல்லவேண்டும்போல் இருந்தது. வாங்க வந்த அரிசியையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் ஆறு மாதம் என்றுதான் போனாய். அதே சரக்கை அதே கடையில் நான்தான் வாங்கித் தந்தேன். பொதி உடைந்தால் உடுப்பெல்லாம் மணக்கும் என்று இரட்டைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டியதும் நான்தான்.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது என்று சொல்லவேண்டும். கலியாணம் பொருந்திய காலத்தில் பாரிசிலிருந்து எழுதியவற்றை நீ கடிதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் அறிவித்தல்கள் என்று சொல்லிச் சிரிப்பாய். இதையும் ஓர் அறிவித்தல் என்றே வைத்துக்கொள். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதவேண்டும் என்று இங்கே நினைவு மலர் அடிக்கிறவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பண்பானவர், பாசமானவர், எல்லோரையும் அணைத்து நடந்தவர். அக்காவுக்கும் அப்படி ஒன்று அடிப்போம் அண்ணை என்று கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நீ என்னை ஏமாற்றினாய். எனக்கு எழுதவேண்டியது அதுதான். அதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள்.

நீ பாரிசுக்கு வந்த முதல் கிழமை. லா சப்பலில் எங்களுக்கு ஒற்றை அறை. யன்னலுக்கு நேரே மெட்ரோ பாலத்தின் மேலே ஓடும். அது போகும்போதெல்லாம் தட்டில் அடுக்கிய கோப்பைகள் நடுங்கும். கீழே போய்ப் பாண் வாங்கிவா என்றேன். படிவரை போய்த் திரும்பி வந்து வாசலில் நின்றாய்.

"இஞ்சாருங்கோ, எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீங்களும் வாருங்கோ."

அன்று தொடங்கியது. விசா அலுவல், ஆசுப்பத்திரி, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம், ரூ காயில் மரக்கறி வாங்குவது என்று எதற்கும் நான் கூட வந்தேன். என் வேலை ஒரு பெரிய உணவகத்தில், நிலத்துக்குக் கீழே, கோப்பை கழுவுகிற இடத்தில். அங்கே என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத்தான் எல்லோருக்கும் தெரியும். அதையும் கோப்பை முடிந்தால் மட்டும்தான் கூப்பிடுவார்கள். கிழமையில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளை நான் எனக்கென்று வைத்திருக்கவில்லை. மருத்துவரிடமோ கந்தோரிலோ உனக்கு றொந்தேவு என்று சந்திக்கிற நேரம் எடுத்தால் அந்த நாளுக்குத்தான் எடுப்பேன். தராவிட்டால் கந்தோர்க்காரியோடு சண்டை பிடித்து எடுப்பேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மெட்ரோ இருக்கைகளில் ஆட்கள் விட்டுப்போகும் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் பிரெஞ்சு பிடித்தேன். ஆனால் எந்த நிலையத்தில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது வெளிவாசல் நேரே வரும் என்று படம் பார்க்காமல் சொல்வேன். நீ வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு வருவாய். நிலையங்களின் பெயரைச் சொல்லித் தருவேன். பிழையாகச் சொல்வாய். திருத்துவேன். அடுத்த கிழமை அதே பெயரை அதே பிழையோடு சொல்வாய். உனக்கு எத்தனை தரம் சொல்லுறது என்று ஏசுவேன். ஏசினாலும் எனக்கு மனம் நிறைந்திருக்கும். இந்த நகரத்தில் என்னை நம்பி ஒரு ஆள் வருகிறது என்ற நினைப்பில் நடப்பேன்.

நகரத்துக்கு வெளியே ஓல்னேக்கு வீடு மாறிய பிறகும் அப்படித்தான். ரயிலில் இருந்து இறங்கி லா சப்பலுக்குப் போகிற நீண்ட நடைபாதையில் என் சட்டை நுனியைப் பிடித்தபடி வருவாய். தெரிந்தவர்கள் கண்டு பகிடி பண்ணுவார்கள். அண்ணை, அக்காவை இன்னும் பாலர் வகுப்பிலையோ வைச்சிருக்கிறியள் என்பார்கள். நீ தலையைக் குனிந்து சிரிப்பாய்.

மகள் மருத்துவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். மருமகனுக்கு வேலை கிடைத்த இடம் நோர்த் டகோட்டா. பெயரைக் கேட்டதும் நூலகத்துக்குப் போய் அட்லஸ் எடுத்துப் பார்த்தேன். கனடாவுக்கு அடியில், அந்தக் கண்டத்தின் நட்டநடுவில், எந்தப் பக்கம் போனாலும் கடல் இல்லாத இடம். உன்னிடம் படத்தைக் காட்டினேன். இவ்வளவு வெறுமையாக் கிடக்கே, அங்கை சனம் இருக்குமோ என்று கேட்டாய். மகள் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட்டாள். நமது ஆட்களுக்கு அது விதி மாதிரி. பெற்ற தாய் போகாவிட்டால் ஊர் கதைக்கும். நான் தடுக்கவில்லை. றுவாசி விமான நிலையத்தில், கூசேன்வில்லில் இருந்து அங்கே வேலைக்கு வரும் ஒரு தம்பியைப் பிடித்து, மனிசி பயந்தவ, கதவுவரை கொண்டுபோய் விடு என்று கெஞ்சினேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாய்.

முதல் தடவை சொன்னபடி வந்தாய். இரண்டாவது பிள்ளைக்குப் போனபோது ஆறு மாதம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் என்றாய். பிறகு போவதும் வருவதுமாக இருந்தாய். பிறகு போவது மட்டும் நடந்தது. அங்கே தங்குவதற்குக் கிறீன் காட் எடுத்ததை எடுத்து முடிந்த பிறகுதான் சொன்னாய். நீங்களும் வாருங்கோவன் என்றாய். எனக்கு ஒரு சொல்தான். ஆறு மாதம் என்று போனவள்தான் திரும்பி வரவேண்டும். தேடிக்கொண்டு போகிறவன் நான் இல்லை. இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. சொல் கொடுத்தது நீ.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் போனில் கதைத்தாய். எனக்கு மாலைத் தேத்தண்ணி நேரம், உனக்குக் காலை. எங்கை நிக்கிறாய் என்று கேட்பேன். வீட்டிலைதான், இஞ்சை எங்கை போறது, கார் ஓடத் தெரியாட்டிக் கால் இல்லாத ஊர் என்பாய். சில நாள் பின்னால் ஏதோ உறுமும். என்ன சத்தம் என்பேன். உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓடுது என்பாய். பாவம், நாலு சுவருக்குள் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படுப்பேன்.

போன ஆடியில் மகள் அழைத்தாள். அம்மா காலையில் எழும்பவில்லை என்றாள்.

அன்றே வெளிக்கிட்டேன். லா சப்பலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன்: அவவைக் கொண்டுவரப் போறன். உன் சாம்பலை இங்கே கொண்டுவந்து, தியெப் கடலில், நாங்கள் பிள்ளையோடு ஒரு கோடையில் போய்க் கால் நனைத்த இடத்தில் கரைப்பது. என்னுடையதும் பிறகு அங்கேதான் வரும். அப்படியாவது ஒரு இடத்தில் இருப்போம். இவ்வளவுதான் எனக்கு மிச்சமாக இருந்த ஆசை. இதற்காகத்தான் அந்த வெளிக்குப் போனேன்.

மினியாபொலிசில் விமானம் மாறி ஃபார்கோவில் இறங்கினேன். மகள் காரில் ஏற்றினாள். ஊர் தாண்டியதும் வளைவில்லாத தெரு. இரண்டு பக்கமும் கோதுமை. நான் பார்த்த வானம் எல்லாம் கட்டடங்களுக்கிடையில் கிடந்த துண்டுகள்தான் என்று அங்கே தெரிந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. வந்துவிட்டோமா என்று கேட்டேன். அது தானியம் கொட்டி வைக்கிற கோபுரம், அடுத்த ஊருடையது என்றாள். அரை மணி நேரம் ஓடியும் அது கிட்ட வரவில்லை. கடல் மாதிரி இருக்கிறது என்று அங்கே போகிறவர்கள் சொல்வார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலுக்கு ஒரு கரை இருக்கும்.

பெட்டிக்குள் உன் முகத்தைப் பார்த்தேன். மெலிந்திருந்தாய். கன்னமும் கையும் வெயிலில் கறுத்திருந்தன. நாலு சுவருக்குள் கிடந்தவளுக்கு எப்படி வெயில் பட்டது என்று அப்போதே ஒரு யோசனை வந்தது.

தகனம் முடிந்து சனத்துக்குச் சாப்பாடு கொடுக்க அந்த ஊரில் தேவாலயத்தின் நிலவறை ஒன்றுதான் மண்டபம். நான் பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். ஊரே வந்தது. பெரிய தட்டுகளில் உருளைக்கிழங்கு, நூடில்ஸ், நடுங்கும் பச்சைக் களி. வயதுபோன ஒரு வெள்ளைக்காரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிறையச் சொன்னா. மகள் மொழிபெயர்த்தாள். பனிக்காலத்தில், தபால் வண்டியும் வராத நாளில், உங்கள் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தா.

ஆர் ஏத்திக்கொண்டு வந்தது என்று கேட்டேன்.

மகள் தரையைப் பார்த்தாள். "அம்மாதான் ஓடினவா, அப்பா."

எனக்கு விளங்கவில்லை. என்னத்தை ஓடினவா என்று கேட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். பழைய நீல நிறப் பிக்கப். அதன் மூக்கிலிருந்து ஒரு வயரும் பிளக்கும் நாக்குப்போலத் தொங்கின. மாரியில் இயந்திரம் உறையாமல் இருக்க இரவு வீட்டு மின்சாரத்தில் செருகி வைப்பார்களாம். அம்மா ஒருநாளும் மறக்கமாட்டா, இவர்தான் மறப்பார் என்று மகள் தன் புருசனைக் காட்டிச் சொன்னாள். ஓல்னேயில் மின்குமிழ் எரிந்து போனால் நான் வேலையால் வரும்வரை இருட்டில் இருந்தவள் நீ. சாரதி இருக்கையில் உன்னுடைய சின்னத் தலையணை ஒன்று இருந்தது. அதில் இருந்தால்தான் தெரு தெரியுமாம். நான் காரே ஓடத் தெரியாதவன் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கதவைத் திறந்து எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை நின்றேன். அங்கே ஒருவரும் நடப்பதில்லை. நான் காலையில் நடந்தேன்; நடக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. மண்தெருவில் எதிரே வந்த வாகனம் ஒவ்வொன்றும் நின்றது. வண்டி பழுதா, உதவி வேண்டுமா, எங்கே போகவேண்டும் என்று கேட்டார்கள். நிற்காதவர்கள் ஸ்ரியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். பாரிசில் வாகனம் ஓட்டுகிறவன் விரல் தூக்கினால் அதற்கு ஒரு கருத்துத்தான். எனக்கு இரத்தம் கொதித்தது. மூன்றாவது ஆளுக்கு நானும் தூக்கிக் காட்டினேன், எங்கள் முறையில். அவர் சந்தோசமாகச் சிரித்துவிட்டுப் போனார். மகளிடம் வந்து, உன்ர ஊர்ச் சனத்துக்கு மரியாதை தெரியாது என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது அங்கே வணக்கமாம். நீயும் அப்படித்தான் தூக்குவாயாம். உன் விரலை இரண்டு மைல் தூரத்திலேயே தெரியும் என்று சொல்லுவார்களாம்.

தெருவோரத்தில் தன் தபாற்பெட்டியடியில் நின்ற கிழவர் ஒருவரை நான் அந்த நடையில்தான் சந்தித்தேன். மருமகன் வீட்டுக்கு அடுத்த காணி அவருடையது. இடையில் சூரியகாந்தி, பிறகு ஒரு குளம், பிறகு அவர் வீடு. மனைவி செத்துப் பலகாலம். பிள்ளைகள் நகரத்தில். கோதுமை வெட்டிய வயலில் உனக்கு ஓட்டப் பழக்கியது அவர்தான். மோதுவதற்கு ஒன்றும் இல்லாத இடம் என்பதால் பயப்படாமல் ஏற்றினாராம். நீ முதல்நாளே மூன்றாவது கியருக்குப் போய்விட்டாய் என்று அவர் சொன்னபோது, அன்று என்னோடு நடக்க வந்த மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீசு தெரியும்.

தெருவோரத்தில் அவருடைய தபாற்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு மட்டும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. சுற்றிவர முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். ஏன் என்று கேட்டேன். சொன்னார். ஒவ்வொரு காலையும் தனியே இருக்கிற வயதானவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது உன் வண்டி அந்த இடத்தில் வந்து நிற்குமாம். முதல்நாள் பழுதாக்கும் என்று உழவு இயந்திரத்தில் ஓடி வந்தாராம். நீ போனைக் காட்டி, புருசன் என்றாயாம். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாராம். பிறகு ஒவ்வொரு நாளும் கண்டாராம். ஓடிச் சூடேறிய வண்டியின் அடிப்பாகம் பட்டால் காய்ந்த புல் பற்றிவிடும். அதனால் அந்த இடத்தை வெட்டி வைத்தாராம். நீ போன பிறகும் வெட்டியிருக்கிறார். கை பழகிவிட்டது என்றார்.

உடுப்புத் தோய்க்கிற மெசின். நான் அந்த வெட்டிய புல்லுக்குள் நின்றேன். இத்தனை வருசம் நீ எனக்குப் பொய் சொன்ன இடத்தை ஒரு வேற்று மனிசன் துப்புரவாக வைத்திருந்தான். அந்தக் கிழவரில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற மாதிரியான ஆள் இல்லை அவர். அது இன்னும் மோசம்.

முப்பத்தோராம் நாளுக்கு ஐயர் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நானே படித்தேன். முடிந்த பிறகு, குசினி மேசையில் இருந்த உன் சாம்பல் பேழையைப் பார்த்து, நாளை நான் இதைக் கொண்டுபோகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அப்பா. கொண்டு போங்கோ."

உனக்கு உன் மகளைத் தெரியும். பேசத் தொடங்கின நாள்முதல் நான் சொன்ன எதற்கும் உடனே ஓம் என்றவள் இல்லை. இரவு என்றால் பகல் என்பாள், அதையும் பிரெஞ்சில் சொல்வாள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் இவ்வளவு கெதியா ஓம் எண்டனீ என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். திரும்பவும் கேட்டேன். நான் விடமாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

துணியை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள். ஒருநாள் அந்தக் குளத்தைக் கடந்து வண்டியில் போகும்போது நீ சொன்னாயாம், என்னை இதுக்குள்ளை விடு என்று. கிழவரின் காணிக்குள் இருக்கிற குளம். அவரிடம் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாயாம்.

"பிறகேன் எனக்கு ஓம் எண்டனீ?"

"அப்பா வந்து கேட்டால் குடுத்துவிடு, ஒண்டும் கதையாதை எண்டு சொன்னவா. அவர் பாவம் எண்டவா."

என்னை இந்த உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆர் பாவம், என்ன கண்டு பாவம் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்ததும் அவளுடையதும் உயர்ந்தது. அவளும் என் மகள்தானே. அப்போதுதான் அது வெளியே வந்தது. நான் வேலைக்குப் போன நாட்களில் அவளையும் கூட்டிக்கொண்டு நீ பாரிஸ் முழுக்கத் திரிந்திருக்கிறாய். மெட்ரோவில், பஸ்சில், ஆற்றங்கரையில், மிருகக்காட்சிச்சாலையில். நிலையங்களின் பெயரை வெள்ளைக்காரி மாதிரிச் சொல்வாயாம். நான் வரும் நேரத்துக்குத் திரும்பி வந்து, அப்பாவுக்குச் சொல்லாதை என்பாயாம். அவள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாளாம்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

அவள் கோபம் இறங்கி, எனக்கு முன்னால் குந்தி, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நீங்கள் வேலையாலை வரேக்கை தோள் ரெண்டும் தொங்கிப்போய் வருவீங்கள், அப்பா. நாளைக்கு றொந்தேவு, தனியப் போகப் பயமாக் கிடக்கு எண்டு அம்மா சொன்னவுடனை நிமிர்ந்திடுவீங்கள். அதுக்காகத்தான். நான் சின்னனிலையே கண்டனான்."

இதைக் கேட்டு நான் உருகியிருக்கவேண்டும் என்று நீ எதிர்பார்ப்பாய். மகளும் எதிர்பார்த்தாள். மருமகன் கதவடியில் நின்று கண்ணைத் துடைத்தார். எனக்கு அப்படி வரவில்லை. எனக்கு வந்ததைச் சொல்கிறேன், கேள்.

இந்த நாட்டில் நான் செய்த வேலைகளில் ஒன்றுக்கும் என் பெயர் இல்லை. நான் கழுவின கோப்பையில் அடுத்த நேரம் வேறொருவன் சாப்பிட்டான், அவ்வளவுதான். என்னுடையது என்று நான் நினைத்தது ஒன்று. ஒரு பயந்த பெண்ணை, மொழி தெரியாத நகரத்தில், ஒரு இடத்திலும் தொலைந்துபோக விடாமல் கூட்டித்திரிந்தேன் என்பது. வயதுபோய்க் கட்டிலில் தனியே கிடக்கும்போது அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். நீ அதையும் எனக்குப் பிச்சையாகப் போட்டிருக்கிறாய். பால் குடிக்கிற பிள்ளைக்கு, நீதான் வண்டி ஓடுறாய் என்று சொல்லி மடியில் வைத்திருப்பார்களே, அப்படி. நீ கெட்டிக்காரன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனை நான் பொறுப்பேன். கைதட்டி ஏமாற்றுகிறவனைப் பொறுக்கமாட்டேன். இது உனக்குத் தெரியும். அங்கே உனக்குத் தொங்கின தோள் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அதனால் நீ நீயாக இருந்தாய். அதை எனக்குக் காட்டவேண்டும் என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு வார்த்தை: இஞ்சாருங்கோ, நான் இண்டைக்குத் தனியப் போயிட்டு வந்தனான். சொல்லியிருந்தால் இரண்டு நாள் கதையாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் எந்தப் பெட்டியில் ஏறினாய் என்று கேட்டிருப்பேன். என்னை அவ்வளவுக்கும் ஆளாக நினைக்கவில்லை நீ.

செத்த பிறகும் அதே வேலை. அவர் கேட்டால் குடுத்துவிடு. உனக்கு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பயந்தவள்போல என் பையில் ஏறி, இரண்டு விமானம் ஏறி இறங்கி, நான் சொல்லும் கடலுக்கு வருவாயாம். நான் திரும்பவும் நிமிர்ந்து நடப்பேனாம்.

மறுநாள் விடியும்போது மகளை எழுப்பிச் சொன்னேன். "நான் கொண்டு போகேல்லை. தனியப் போகத் தெரிஞ்சவவுக்கு நான் ஏன் துணை?"

அவள் வழமைபோல எதிர்த்துக் கதைக்கவில்லை. உன் பிக்கப்பின் திறப்பை எடுத்தாள். அவள் ஓட, நான் பக்கத்தில் பேழையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சூரியகாந்திகள் முற்றித் தலை கவிழ்ந்து நின்றன. குளத்தின் நடுவில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் மிதந்தன. இவ்வளவு பெரிய பறவை கடல் இல்லாத ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு வருசமும் வரும் என்றாள் மகள். கிழவர் தூரத்திலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், கிட்ட வரவில்லை. அந்த அளவு மரியாதை தெரிந்த மனிசன். காற்று முகத்துக்கு அடிக்கிறது, மற்றப் பக்கம் போங்கோ என்றாள் மகள். காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணிவரை இறங்கினேன். என் கையால்தான் விட்டேன். உனக்கு நல்ல சொல் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றேன்.

லா சப்பலில் திரும்பவும் முகம் காட்டினபோது எல்லோரும் கேட்டார்கள், எங்கையண்ணை, அக்காவைக் கொண்டு வரேல்லையோ என்று. அவ வரேல்லை எண்டிட்டா என்று சொன்னேன். என் தலை கழன்றுவிட்டது என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். நினைக்கட்டும். தியெப் கடலுக்கு இனி நான் தனியே போவதில் கருத்தில்லை. என்னை எங்கே விடுவது என்று மகள் போனில் கேட்டாள். இன்னும் சொல்லவில்லை. நான் உயிரோடு இருக்கிறவரை அது என் அலுவல்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. எழுதி முடிக்கிறபோது மனம் இளகும் என்று யாரோ சொன்னார்கள், இளகவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ரயில் மேடைக்குள் வரும்போது என் இடது கை தானாகப் பின்னுக்கு நீளுகிறது, பக்கத்தில் நிற்கிறவள் விளிம்புக்குப் போய்விடாமல். அங்கே ஒருவரும் இல்லை. இன்றைக்கும் ரூ காயில் இருந்து திரும்பும்போது நீண்டது. ஒரு இளம் பெண்ணின் கோட்டில் பட்டு, அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் பயம் பொய்யாக இருக்கலாம். நான் உன்னைப் பிடித்தது பொய் இல்லை. ரயில் நின்று கதவு திறக்கும்வரை கையை அப்படியே வைத்திருந்தேன்.